நிமிடத்துக்கு இரண்டு எழுத்து: உட்ரெக்டில் ஏழாண்டுகள் இயங்கிய மூளை-கணினி இடைமுகம்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

மூளையின் மின்குறிகைகளை (சிக்னல்களை) படித்து, கைகால் அசைக்காமலே கணினியை இயக்க வழிசெய்யும் மூளை-கணினி இடைமுகம் பற்றி இப்போது வெளியாகும் செய்திகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. நிமிடத்துக்கு இத்தனை சொல், இத்தனை விழுக்காடு துல்லியம் என்று ஒன்றையொன்று முந்தும் எண்கள். அந்தப் பந்தயத்தில் கடைசியாக வரக்கூடிய ஒரு கருவியின் கதையையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நிக் ராம்சே தலைமையிலான குழுவினர் 2015ஆம் ஆண்டு ஒரு பெண்மணிக்குப் பொருத்திய இக்கருவி, நிமிடத்துக்கு இரண்டு எழுத்துதான் எழுதியது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டி, பொறியாளர் எவரும் பக்கத்தில் இல்லாமல், ஒருவருடைய வீட்டில் ஏழாண்டுகள் பயன்பட்டது. அதன் தொடக்கம் 2016 நவம்பரிலும் அதன் முடிவு 2024 ஆகஸ்டிலும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பதிவாயின. வெற்றியை அறிவித்த கையோடு பேச்சு நின்றுவிடுவது வழக்கமான இத்துறையில், கருவி எப்போது, ஏன் பயனற்றுப் போனது என்பதையும் அதே குழுவினரே எழுதிவைத்தது இந்நிகழ்வைத் தேர்ந்தெடுக்க முதற் காரணம்.

பின்னணி

அந்தப் பெண்மணிக்கு ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் 2008இல் கண்டறியப்பட்டது. தசைகளை ஏவும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் படிப்படியாக மடிந்துபோவதே இந்நோய். கை, கால், நாக்கு, தொண்டை, இறுதியில் மூச்சுத் தசைகள் என ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்போதும், பார்வையும் கேட்கும் திறனும் தொடுவுணர்வும் பெரும்பாலானோருக்கு அப்படியே இருக்கும். 2015இல் ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த அவர் வென்டிலேட்டரின் துணையால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முற்றிலும் நின்றிருந்தது. கண்களை அசைக்கவும் இமைக்கவும் மட்டுமே முடிந்தது. மருத்துவர்கள் இதைப் பூட்டுண்ட நிலை என்பார்கள்.

இந்நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் மற்றவற்றைவிட நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் என்பதால், கண்நோக்குக் கருவியே இத்தகையோரின் முதன்மையான எழுதுகோல். திரைக்குக் கீழிருந்து அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, அது எதிரொளிக்கும் விதத்தை வைத்து, எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கணினி கண்டுகொள்கிறது. அவரும் அப்படியொன்றை வைத்திருந்தார். வீட்டுக்குள் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி நிறைய உண்டு. சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துச் சென்றதும் கருவி கண்ணைத் தவறவிடும். தோட்டத்திலோ தெருவிலோ இருக்கும் நேரமெல்லாம் அவர் பேச்சற்றவராகவே இருக்க நேரும். இதைவிடப் பெரிய கவலை ஒன்று, நோய் முற்றினால் கண்ணசைவும் கைவிட்டுப் போகலாம் என்பது.

எந்தப் பயனுக்காக

இடைமுகத்தின் பயன்களாக எழுதப்படுபவை பலவகை. 2004இல் அமெரிக்காவில், தண்டுவடம் அறுபட்ட ஓர் இளைஞரின் மூளையின் மேலடுக்கான புறணிக்குள் 96 நுண் மின்முனைகளைச் செருகி, அவர் நினைப்பால் திரையிலுள்ள சுட்டியை நகர்த்தும்படி செய்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் கையசைக்காத ஒரு பெண் இயந்திரக் கையால் குப்பியை எடுத்துத் தாமே காபி குடித்தார். பக்கவாதத்துக்குப் பின் கையைப் பழக்குவது, செயற்கைக் கைக்குத் தொடுவுணர்வு தருவது, கவனத்தை அளக்கும் தலைப்பட்டை, விளையாட்டு என்று பட்டியல் நீளும். இவற்றில் சில சிகிச்சை, சில வணிகம், சில இன்னும் விருப்பம் மட்டுமே.

உட்ரெக்ட் குழுவினர் இந்த நீண்ட பட்டியலிலிருந்து ஒரு தேவையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கண்நோக்குக் கருவி இயங்காத இடத்திலும் நேரத்திலும், யாருடைய உதவியுமின்றி, ஒரு பொத்தானை அழுத்துவதற்கு ஈடான ஒரு செயலை அவரால் செய்ய முடிய வேண்டும். அந்த ஒரு பொத்தான் போதும். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் பிற்கால உரைகளையெல்லாம் கன்னத்துத் தசையின் ஒரு சிறு துடிப்பால்தான் எழுதினார் என்பதை நினைவிற்கொண்டால், ஒற்றைக் கிளிக்கின் வலிமை விளங்கும். இங்கே கன்னமும் இல்லை. அதனால் கிளிக்கை மூளையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

அறுவைக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தோலுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது. அதுவரை இத்தகைய இடைமுகத்துக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மண்டையோட்டின் மேல் ஓர் இணைப்புமுனை இருந்தது. ஒவ்வொரு முறையும் தேர்ந்தவர் ஒருவர் வந்து கம்பியைச் செருக வேண்டும். தோல் திறந்திருப்பதால் தொற்று ஏற்படும் அச்சமும் உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருடைய வீட்டில், ஏற்கெனவே கைநிறைய வேலையுள்ள பராமரிப்பாளர்களிடம் அந்தப் பொறுப்பையும் சுமத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே முழுவதும் உடலுக்குள்ளேயே அடங்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தனர். மூளையின் ஆழத்தைத் தூண்டும் சிகிச்சைக்குப் பயன்படும் கருவியின் வழியில் வந்ததும், மூளையின் குறிகைகளைப் பதிந்து அனுப்பவும் வல்லதுமான மெட்ரானிக் நிறுவனத்தின் அனுப்பி ஒன்று, இதயமுடுக்கியைப் போல மார்பின் இடப்பக்கத்தில் தோலுக்கடியில் வைக்கப்பட்டது.

இரண்டாவது முடிவு, மூளைக்குள் ஊசிபோல் இறங்கும் மின்முனைகளை விட்டு, அதன் மேற்பரப்பில் படிந்திருக்கும் பட்டைகளைத் தேர்ந்தது. ஊசி மின்முனைகள் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்கும். தகவல் செறிவு அதிகம். மேற்பரப்பில் படியும் மின்முனை, ஆயிரக்கணக்கான அணுக்களின் கூட்டோசையையே கேட்கும். நுணுக்கம் குறைவு, ஆனால் நாளுக்கு நாள் அதிகம் மாறாது. தினமும் காலையில் கருவியைச் சீர்செய்து தர ஆளில்லாத வீட்டுக்கு நுணுக்கத்தைவிட நிலைத்தன்மையே தேவை என்று கருதினர். எனக்கு இந்நிகழ்வில் மிகவும் முதிர்ந்த தீர்ப்பாகத் தோன்றுவது இதுதான். ஆய்விதழில் பளிச்சென்று தெரியும் எண்ணை விட்டுக்கொடுத்தே இதைச் செய்ய முடியும்.

மூன்றாவது முடிவு இடத்தைப் பற்றியது. ஏ.எல்.எஸ். நோய், உடலசைவை ஏவும் இயக்கப் புறணியின் நரம்பணுக்களையே அரிப்பதால், ஆண்டுக்கணக்கில் அசையாத கைக்குரிய பகுதியில் பயன்படுத்தத்தக்க குறிகை எஞ்சியிருக்குமா என்ற ஐயம் நியாயமானது. எனவே அறுவைக்கு முன்பே எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் அவரைக் கையசைக்க முயலச் செய்து, எப்பகுதி விழித்தெழுகிறது என்று பார்த்தனர். ஐயத்துக்கு மாற்றாக, முன்மூளையின் பக்கப்பகுதியிலும் பட்டைகளை வைத்தனர். எண்களைப் பின்னோக்கி எண்ணுவது போன்ற மனவேலையின்போது அப்பகுதி இயங்கும் என்பதால், கையசைவு கைகொடுக்காவிட்டால் கணக்கு கைகொடுக்கும் என்பது திட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு மின்முனைகள் கொண்ட நான்கு பட்டைகள். இறுதியில் அன்றாடம் பயன்பட்டது கைப்பகுதியில் இருந்த ஒரே ஒரு மின்முனை இணை.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய்திறக்க முடியாதவரிடம் மூளை அறுவைக்கு இசைவு பெறுவது எளிய செயலன்று. அவரிடம் எஞ்சியிருந்த ஒரே வழி கண் என்பதால் கேள்வியும் விளக்கமும் விடையும் அவ்வழியேதான் நடந்தாக வேண்டும். கண்ணசைவு முற்றிலும் நின்றபின் வந்திருந்தால் இந்த இசைவையே கேட்டிருக்க முடியாது.

2015 அக்டோபர் முதல் 28 வாரங்கள்

2015 அக்டோபரில் அறுவை நடந்தது. அதன்பின் தொடங்கிய பயிற்சியின் அடிப்படை எளிமையானது. அவர் தம் வலக்கையை அசைக்க முயல வேண்டும். கை அசையாது, ஆனால் இடப்பக்க இயக்கப் புறணியில் இரு மாற்றங்கள் நிகழும். நொடிக்கு இருபது முறை என்ற அளவில் ஏறியிறங்கும் மெதுவான அலைகள் தணியும். நொடிக்கு அறுபதுக்கு மேற்பட்ட விரைந்த அலைகளின் வலு கூடும். முயற்சியைக் கைவிட்டதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். மார்பின்மேல் வைத்த ஓர் ஆன்டெனா இக்குறிகையைப் பிடித்துக் கணினிக்கு அனுப்ப, குறித்த வரம்பைக் குறித்த நேரம் தாண்டி நின்றால் அதை ஒரு கிளிக் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

எடுத்த எடுப்பில் எழுத்துப்பலகையைத் தரவில்லை. முதலில் சுட்டியை மேலும் கீழும் செலுத்தும் விளையாட்டு. பிறகு பொந்திலிருந்து தலைநீட்டும் அகழெலியைச் சரியான நொடியில் அடிக்கும் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னாலும் நோக்கம் கண்டிப்பானது. கிளிக் செய்வதைவிடக் கிளிக் செய்யாமல் இருப்பது கடினம் என்பதை இக்கட்டத்தில்தான் கற்க முடியும். எலி வராத பொந்தின்மேல் வெளிச்சம் நகரும்போது கை சும்மா இருக்க வேண்டும். எதிர்பார்ப்பே ஒரு சிறு முயற்சியாக மாறி வரம்பைத் தாண்டிவிடக் கூடாது.

எழுதும் முறையையும் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். வெளிச்சக் கட்டம் ஒவ்வொரு வரிசையாகத் தானே இறங்கும். வேண்டிய வரிசை வரும்போது ஒரு கிளிக். இப்போது அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு கிளிக். தவறவிட்டால் கட்டம் மீண்டும் சுற்றிவரும்வரை காத்திருக்க வேண்டும். தவறான கிளிக் விழுந்துவிட்டால் அழிப்பதற்கு ஒரு சுற்று, சரியானதை எழுத மறு சுற்று. ஆகவே வரம்பைச் சற்றுக் கடுமையாக வைப்பதே இலாபம்.

28 வாரங்கள் கழிந்தபோது அவர் யாருடைய உதவியுமின்றி, பிழைகள் குறைவாக, நிமிடத்துக்கு இரண்டு எழுத்து என்ற வேகத்தில் எழுதினார். கண்நோக்குக் கருவியோடு ஒப்பிட்டால் இது ஆமை நடை. அதை மறைக்க முயலாமல், கண்நோக்குக் கருவிக்குத் துணையாகவும் சில வேளைகளில் அதற்கு மாற்றாகவும் இது அமைந்தது என்றே குழுவினர் எழுதினர். வெளியே போகும்போது மூளைக் கருவி, உள்ளே கண் கருவி என்ற பங்கீடு தானாகவே அமைந்தது. வெயிலில் பேச முடிந்ததால் வெளியிடங்களில் தமக்குத் துணிவு கூடியதாக அவர் அப்போது தெரிவித்தார்.

வீட்டுப் பயன்பாடு

அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தது ஆய்வின் தொடக்கத்தில் அஞ்சியதும் எதிர்பார்த்ததும்தான். குறிகை மூன்று ஆண்டுகள் வரை நிலையாக நின்றதாகக் குழுவினர் 2019இல் தனியே பதிவுசெய்தனர். அதே காலத்தில் கண்களின் மீதான கட்டுப்பாடு மெல்ல மெல்லத் தளர்ந்தது. கண் கருவி தரும் நேரம் குறையக் குறைய, மூளைக் கருவியைப் பயன்படுத்தும் நேரம் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போனது. வெளியே மட்டும் பயன்பட்டது அன்றாடத் தேவையாயிற்று. துணையாக வந்த கருவி முதன்மையாக மாறியபோது அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. பழகிய கை தயாராக இருந்தது. கண் முழுவதும் போனபின் பொருத்தியிருந்தால் அந்த 28 வாரப் பயிற்சியை, சரி தவறு என்று சொல்லவும் வழியில்லாத ஒருவரோடு நடத்தியிருக்க வேண்டும்.

இரவு ஒரு தனிச் சிக்கல். இத்தகைய நோயாளிக்கு நீண்ட வாக்கியம் எழுதுவதைவிட முதன்மையானது, பராமரிப்பாளரைக் கூப்பிட ஒரு மணி. சளி அடைத்தாலோ வென்டிலேட்டர்க் குழாய் இடம் பிசகினாலோ விடியும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் உறக்கத்தில் மூளையின் அலைகள் வேறு தாளத்துக்கு மாறுகின்றன. பகலுக்கென்று வைத்த வரம்பை இரவிலும் வைத்திருந்தால், உறங்குபவரின் மூளை தானறியாமல் மீண்டும் மீண்டும் மணியடித்து, கூப்பிடாத நேரத்தில் பராமரிப்பாளரை எழுப்பிக்கொண்டே இருக்கும். சில இரவுகளில் அந்த ஓசைக்கு யாரும் எழாமலும் போய்விடுவார்கள். ஆகவே இரவுப் பதிவுகளைத் தனியே ஆராய்ந்து இரவுக்கென்றே வேறு அளவுகளை அமைத்தனர். பெரும்பாலான இரவுகள் பிழையின்றிக் கழிந்தன. இந்தத் துறையின் பெரிய தலைப்புகளுள் இது வராது; வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஆறாம் ஆண்டுக்குப் பின்

பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆனபின் பயன்பாடு குறையத் தொடங்கியது. கிளிக் நினைத்தபோது விழவில்லை. நம்பி எழுத முடியாத நிலை வந்தபோது வீட்டுப் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

முதலில் எவரும் ஐயுறுவது கருவியையே. கம்பி முறிந்திருக்கலாம், மின்முனையைச் சுற்றித் தழும்புத்திசு வளர்ந்திருக்கலாம், அனுப்பி பழுதாகியிருக்கலாம். சோதித்ததில் தொழில்நுட்பக் கோளாறுக்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. ஆண்டுவாரியாகக் குறிகையை அடுக்கிப் பார்த்தபோது, நரம்புக் குறிகையின் வலு தணிந்துகொண்டே வந்திருப்பது தெரிந்தது. சிடி ஸ்கேன்களில் மூளை படிப்படியாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. கருவி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்கு இருந்த குரல் ஒடுங்கிவிட்டது. வேறு விளக்கங்களுக்கும் இடமுண்டு என்று குழுவினர் கவனமாகக் குறித்தபோதிலும், நோயின் முன்னேற்றமே கருவியைப் பயனிழக்கச் செய்தது என்பதே அவர்களுடைய முதன்மைக் கணிப்பு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, முடிவைப் பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். தண்டுவடம் அறுபட்டவரின் மூளை நோயுற்றதன்று. அவருக்குப் பொருத்திய கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பெரும்பாலும் கருவியின் ஆயுளைப் பொறுத்தது. ஏ.எல்.எஸ். போன்ற நோயில் அந்தக் கணக்கு வேறு. குறிகை தேயக்கூடும், அதை இன்னின்ன அளவால் முன்கூட்டியே கவனிப்போம், இன்ன கட்டத்தில் உங்களைக் கேட்டு முடிவெடுப்போம் என்பது, அவரால் விரிவாக விடை சொல்ல முடிகிற காலத்திலேயே பேசி எழுதிவைக்கப்பட வேண்டும். கருவி தேய்ந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்க வழியே இருக்காது என்பதுதான் இதிலுள்ள கொடுமை. தோலுக்கடியில் வைக்கும் அனுப்பியின் மின்கலம் தீர்ந்தால் மாற்ற அறுவை தேவைப்படும் என்பதும் அதே பேச்சில் சேர வேண்டியது.

இரண்டாவது, இடத்தேர்வு. ஒரே இணையின் மேல் ஏழாண்டுகள் நின்றது வியப்புக்குரியது. அதே சமயம் அந்த ஓரிடம் தேய்ந்ததும் எல்லாம் தேய்ந்தது. புறணியின் பரந்த பரப்பை மூடும் பின்னாளைய மின்முனைத் தகடுகளில், ஒரு பகுதி அடங்கினால் இன்னொன்றுக்கு மாறும் வாய்ப்பு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2023இல் ஏ.எல்.எஸ். உள்ள ஒருவருக்குப் பேச்சுப் பகுதியில் 256 நுண் மின்முனைகளைப் பொருத்தி, அவர் பேச முயலும் சொற்களை 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட துல்லியத்தோடு எழுத்தாக்கியதை 2024இல் அறிவித்தனர். அந்த வேகத்தோடு உட்ரெக்டின் கிளிக்கை ஒப்பிடுவது பொருளற்றது; ஆனால் அங்கும் நோய் அதேதான் என்பதால், ஏழாம் ஆண்டுக் கேள்வி அவர்களுக்கும் உண்டு.

மூன்றாவது, எதை அளப்பது. நிமிடத்துக்கு இத்தனை எழுத்து என்ற ஒற்றை அளவு இந்நிகழ்வில் நடந்ததில் பாதியைக்கூடக் காட்டாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் துணையின்றிப் பயன்பட்டது, எத்தனை இரவுகள் பொய்மணி அடிக்காமல் கழிந்தன, கண் கருவி நின்ற நேரத்தில் எவ்வளவை இது ஈடுசெய்தது என்பவை முதல் நாளிலிருந்தே குறிக்கப்பட வேண்டும். இரவுக்கான அளவுகளும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட வேண்டும்.

நம் மொழிக்கு இத்தகைய பலகை அமைப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசைப்பலகைக் கணக்கில் 'தண்ணீர்' என்ற சொல்லுக்கு த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி என ஏழு தேர்வுகள் வேண்டும்; நிமிடத்துக்கு இரண்டு என்றால் மூன்றரை நிமிடம். வென்டிலேட்டரில் இருப்பவர் 'சளி எடுக்க வேண்டும்' என்று எழுதி முடிப்பதற்குள் ஆபத்து நேர்ந்துவிடும். ஒற்றைக் கிளிக்கில் இயங்கும் தமிழ்ப் பலகையின் முதல் வரிசையில் அகரத்தை வைக்காமல், சளி, மூச்சு, வலி, தண்ணீர், புரட்டிப் படுக்க வையுங்கள், ஆம், இல்லை ஆகியவற்றை முழுச்சொற்களாக வைத்து, அவற்றின் வரிசையை அந்த நோயாளியிடமே, அவர் கண்ணால் விடை சொல்ல முடிகிற நாளிலேயே, கேட்டு அமைக்க வேண்டும்.